பெரிய எஸ்யூவிக்கு மைலேஜ் கூட்டுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏழு பேர் உட்காரும் டீசல் எஸ்யூவி ஒன்றை ஒன்பது வருடமாக ஓட்டுகிறேன். ஒவ்வொரு முறை டேங்க் நிரப்பும்போதும் தேதி, கிலோமீட்டர், லிட்டர் மூன்றையும் ஒரு சின்ன நோட்டில் எழுதி டேஷ்போர்டு பெட்டியில் வைப்பது பழக்கம். இந்த நோட்டைப் பற்றித் தெரிந்ததும் சொந்தக்காரர்களும் அபார்ட்மென்ட்காரர்களும் அவர்களின் நண்பர்களும் போன் செய்து கேட்க ஆரம்பித்தார்கள். கேட்பவர் மாறினாலும் கேள்வி அநேகமாக அதேதான். அவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, பதிலையும் சேர்த்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில், சிக்கலானவை பின்னால்.

1. ஷோரூம்ல 16 கொடுக்கும்னு சொன்னாங்க. எனக்கு 10 தான் வருது. வண்டியில ஏதாவது கோளாறா?

பெரும்பாலும் கோளாறு இல்லை. ஷோரூமில் சொல்வது ஏஆர்ஏஐ போன்ற சோதனை அமைப்பு சான்று கொடுத்த எண். ஆய்வகத்தில் சக்கரங்களை உருளைகள் மேல் சுழலவிட்டு, ஒரு நிலையான அட்டவணைப்படி வேகத்தை ஏற்றி இறக்கி அளப்பார்கள். வேகம் 90-ஐத் தாண்டாது, ஏசி ஓடாது. பள்ளம், ஸ்பீடு பிரேக்கர், குறுக்கே வரும் மாடு, பின்னால் ஹாரன் அடிக்கும் பஸ் எதுவும் அங்கே கிடையாது. ஒரு வண்டியை இன்னொன்றோடு ஒப்பிடத்தான் அந்த எண் உதவும்.

இரண்டு டன்னை ஒட்டிய எடையுள்ள டீசல் எஸ்யூவி டவுனில் 8 முதல் 11, ஹைவேயில் 12 முதல் 15 கொடுத்தால் ஆரோக்கியமாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். அதே அளவு டர்போ பெட்ரோல் வண்டி என்றால் இரண்டு மூன்று குறையும். ஒரு லிட்டர் டீசலில் பெட்ரோலைவிட ஆற்றல் அதிகம், டீசல் எஞ்சின் அதை வீணாக்குவதும் குறைவு.

2. மீட்டர்ல காட்டுற மைலேஜை நம்பலாமா?

போக்கைப் பார்க்க நம்பலாம், கணக்குப் போட நம்ப வேண்டாம். எஞ்சினுக்குள் எவ்வளவு எரிபொருள் பீய்ச்சினோம் என்று கம்ப்யூட்டர் வைத்திருக்கும் கணக்கிலிருந்து அந்த எண் வருகிறது. நான் பார்த்த வண்டிகளில் பெரும்பாலும் உண்மையைவிட கொஞ்சம் கூட்டித்தான் காட்டியது.

சரியான வழி ஃபுல் டேங்க் டு ஃபுல் டேங்க். பங்கில் நாசில் தானாக 'டக்' என்று நிற்கும் வரை நிரப்புங்கள், அதற்கு மேல் திணிக்க வேண்டாம். டிரிப் மீட்டரை சைபர் ஆக்கி, டேங்க் முக்கால்வாசி காலியாகும் வரை ஓட்டுங்கள். அதே பங்கில், முடிந்தால் அதே நாசிலில், மறுபடி டக் என்று நிற்கும் வரை நிரப்பி, ஓடிய கிலோமீட்டரை இப்போது போட்ட லிட்டரால் வகுத்தால் மைலேஜ் வந்துவிடும். ஒரு டேங்கை வைத்து முடிவு கட்ட வேண்டாம். மூன்று டேங்க் சராசரி எடுத்தால்தான் பேச்சுக்கு அர்த்தம்.

3. இவ்வளவு பெரிய வண்டி வாங்கிட்டு மைலேஜ் பார்க்கலாமா? ஒண்ணு ரெண்டு கூடினா என்ன பெருசா மிச்சம்?

இந்தக் கேள்விக்காகத்தான் இதையெல்லாம் எழுதவே உட்கார்ந்தேன். மைலேஜ் பார்க்க வேண்டியவர் பெரிய வண்டிக்காரர்தான். சின்ன காரைவிட அவருக்குத்தான் மிச்சம் அதிகம்.

பேப்பரும் பேனாவும் எடுங்கள். சின்ன கார் ஒன்று 18 கொடுக்கிறது, அதை 20 ஆக்கிவிட்டோம். 1,000 கிலோமீட்டருக்கு முன்பு 55.5 லிட்டர், இப்போது 50. மிச்சம் ஐந்தரை லிட்டர். உங்கள் எஸ்யூவி 8 கொடுக்கிறது, அதை 10 ஆக்குகிறோம். முன்பு 125 லிட்டர், இப்போது 100. மிச்சம் 25 லிட்டர். இரண்டிலும் கூடியது லிட்டருக்கு இரண்டு கிலோமீட்டர்தான், ஆனால் மிச்சம் நாலரை மடங்கு. லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று பேசிப் பேசியே இது நம் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. 1,000 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று கேட்டுப் பாருங்கள், எல்லாம் தெளிவாகிவிடும். என் நோட்டில் இப்போது அந்தக் கணக்கில்தான் எழுதுகிறேன்.

வருடம் 15,000 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு இது 375 லிட்டர். டீசல் 92 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 34,500 ரூபாய். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கரியமில வாயு வெளியேறும். அப்படியானால் வருடத்துக்கு ஒரு டன் புகையையும் நிறுத்தியிருக்கிறோம், அதுவும் ஒரு பைசா செலவில்லாமல்.

4. ஹைவேல என்ன ஸ்பீடுல போனா நல்ல மைலேஜ்?

டாப் கியரில் 75 முதல் 90 வரை. இதற்குக் காரணம் காற்று. வேகம் கூடும்போது காற்றின் எதிர்ப்பு அதே விகிதத்தில் கூடாது, வேகத்தின் வர்க்கத்தில் கூடும். 80-லிருந்து 100-க்குப் போனால் வேகம் கால் பங்குதான் கூடுகிறது, காற்று தள்ளும் விசையோ 56 சதவீதம் கூடிவிடும். 100-லிருந்து 120-க்குப் போனால் அதற்கு மேல் இன்னொரு 44 சதவீதம். தாழ்வான காருக்கும் இதே விதிதான். ஆனால் எஸ்யூவியின் முகம் உயரமாக, அகலமாக, கிட்டத்தட்ட ஒரு பீரோவை நிமிர்த்தி வைத்த மாதிரி இருப்பதால் அடி பலமாக விழுகிறது.

என் நோட்டிலிருந்து ஒரு கணக்கு. சென்னையிலிருந்து திருச்சி, ஏறக்குறைய 330 கிலோமீட்டர், அதே வண்டி, அதே குடும்பம், அதே சாமான். 85-ல் நிதானமாகப் போனபோது 14-க்குக் கொஞ்சம் மேல். 100-ஐ விடாமல் பிடித்துப் போனபோது 12-ஐ ஒட்டி. வித்தியாசம் மூன்றரை லிட்டர். கணக்குப்படி 35 நிமிடம் முன்னால் போயிருக்க வேண்டும். டோல்கேட், செங்கல்பட்டு வரைக்குமான நெரிசல், டீக்கு நிறுத்தியது எல்லாம் போக, வீட்டு வாசலில் 20 நிமிடம்தான் முன்னால் நின்றேன்.

அதற்காக 50-ல் ஊர்ந்தால் இன்னும் நல்லது என்று நினைக்க வேண்டாம். டாப் கியரில் எஞ்சின் நிமிடத்துக்கு 1,200, 1,300 சுற்றில் (ஆர்பிஎம்) உறுமிக்கொண்டு திணறினால் அது எஞ்சினுக்குக் கேடு. திணறலும் இருக்கக் கூடாது, அலறலும் இருக்கக் கூடாது. டீசலில் இரண்டும் இல்லாத இடம் பெரும்பாலும் 1,500-க்கும் 2,200-க்கும் நடுவில்.

5. டவுன்ல 8-ஐத் தாண்டவே மாட்டேங்குது. என்னதான் பண்றது?

டவுனில் எதிரி காற்று இல்லை, பிரேக். இரண்டு டன் எடையை 60 கிலோமீட்டர் வேகத்துக்குக் கொண்டுவர ஆகும் ஆற்றலை, எஞ்சினில் வெப்பமாக வீணாவதையும் சேர்த்து டீசலாகக் கணக்கிட்டால் சுமார் 25 மில்லி வரும். மருந்து பாட்டிலோடு தரும் சின்ன மூடியில் இரண்டரை மூடி. அடுத்த சிக்னலில் பிரேக் போட்டு நிற்கிறீர்களே, அந்த 25 மில்லியில் கிடைத்த வேகம் முழுவதும் பிரேக் டிஸ்க்கில் சூடாகி காற்றோடு போய்விடுகிறது. இப்படி நாற்பது தடவை 60-ஐத் தொட்டு நின்றால் ஒரு லிட்டர் காலி. வண்டி எத்தனை கனமோ அத்தனை இழப்பு. அதனால்தான் சின்ன கார் ஓட்டிய பழக்கத்திலேயே எஸ்யூவியை ஓட்டினால் கையைக் கடிக்கிறது.

செய்ய வேண்டியது ஒன்றுதான்: பிரேக் போட வேண்டிய தேவையைக் குறைப்பது. எஸ்யூவியில் உட்காரும் இடம் உயரம், முன்னால் நான்கு வண்டி தாண்டி தெரியும். அதைப் பயன்படுத்துங்கள். 200 மீட்டர் தள்ளி சிவப்பு தெரிகிறதா, அப்போதே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். வண்டி தானாக மெதுவாகி சிக்னலை எட்டும்போது பல நேரம் பச்சை விழுந்திருக்கும். 30-ல் உருண்டுகொண்டிருக்கும் வண்டியை மறுபடி 50-க்குக் கொண்டுபோவது, நின்ற இடத்திலிருந்து கிளப்புவதைவிட எவ்வளவோ மலிவு. கத்திப்பாராவிலிருந்து பல்லாவரம் வரை இப்படி ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். பக்கத்தில் சீறிக்கொண்டு முந்திய கார் அடுத்த சிக்னலில் உங்களுக்கு முன்னால்தான் நின்றுகொண்டிருக்கும்.

கிளம்பும்போது ஆமை மாதிரி கிளம்ப வேண்டியதில்லை, அது பலர் செய்யும் தவறு. ஓரளவு சுறுசுறுப்பாக எடுத்து, 2,000 ஆர்பிஎம் வரும்போது கியர் மாற்றி, சீக்கிரம் மேல் கியருக்குப் போய்விடுவது நல்லது. கிளட்ச் மேலேயே கால் வைத்து ஓட்டுபவர்கள் அந்தப் பழக்கத்தை இன்றே விட வேண்டும். டீசலும் போகும், கிளட்ச் பிளேட்டும் போகும்.

6. இறக்கத்துல நியூட்ரல்ல விட்டா டீசலே செலவாகாதாமே?

தயவுசெய்து செய்யாதீர்கள். இது மைலேஜ் விஷயம் மட்டும் இல்லை, உயிர் விஷயம். கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. அங்கே இரண்டு டன் வண்டியை நியூட்ரலில் விட்டால் வேகத்தைப் பிடித்து நிறுத்தும் முழுப் பாரமும் பிரேக் மேல் விழும். பிரேக் காய்ந்து, கருகல் வாசனை வந்து, ஒரு கட்டத்தில் மிதித்தாலும் பிடிக்காது.

மிச்சம் என்று பார்த்தாலும் நஷ்டம்தான். இன்றைய வண்டிகளில் கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், சக்கரம் எஞ்சினைச் சுற்றிக்கொள்கிறது என்று கம்ப்யூட்டர் புரிந்துகொண்டு எரிபொருளை அடியோடு நிறுத்திவிடும். நியூட்ரலில் விட்டால் எஞ்சின் அணையாமல் இருக்க ஐட்லிங்குக்கு டீசல் கொடுத்தே ஆக வேண்டும். ஆக, கியரில் இறங்கினால் செலவு சைபர், நியூட்ரலில் இறங்கினால் செலவு உண்டு. கார்புரேட்டர் காலத்து வண்டிகளில் நியூட்ரலில் கொஞ்சம் மிச்சமானது உண்மை. அந்த அனுபவம்தான் இன்னும் வாய்வழியாக வந்துகொண்டிருக்கிறது. ஏறும்போது எந்த கியரோ இறங்கும்போதும் அதே கியர் என்று பழைய லாரி டிரைவர்கள் சொல்வார்களே, அதுதான் இன்றைக்கும் சரி.

7. ஏசி போடாம ஜன்னலைத் திறந்து வச்சா மிச்சமாகுமா?

டவுனில் 40-க்குக் கீழே ஊரும்போது ஆகும். 60, 70-ஐத் தாண்டினால் திறந்த ஜன்னல் வழியாகக் காற்று உள்ளே புகுந்து வண்டியைப் பின்னால் இழுக்கும். 4-ஆவது பதிலில் சொன்ன காற்றுப் பிரச்சினை இன்னும் மோசமாகும். ஹைவேயில் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏசி போடுவதுதான் சரி.

ஏசியை அணைத்துவிட்டு வேர்த்து விறுவிறுத்து ஓட்டுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். பின் சீட்டில் குழந்தைகளும் பெரியவர்களும் இருப்பார்கள். அதன் வேலையைக் குறைத்தால் போதும். வெயிலில் நின்ற வண்டி என்றால் முதல் ஒன்றிரண்டு நிமிடம் எல்லாக் கண்ணாடியையும் இறக்கி அனலை வெளியே விட்டுவிட்டு அப்புறம் ஏசி போடுங்கள். குளிர்ந்ததும் வெளிக்காற்றை மூடி, உள்காற்றே சுழலும்படி வைத்து, 24, 25-ல் விடுங்கள். மரத்தடி கிடைத்தால் நூறு அடி கூட நடந்தாலும் பரவாயில்லை, அங்கேயே நிறுத்துங்கள்.

8. டயர்ல காத்து கொஞ்சம் அதிகமா வச்சா மைலேஜ் கூடும்னு சொல்றாங்களே?

டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆள் குறைவாக இருந்தால் எவ்வளவு, முழு லோடு என்றால் எவ்வளவு என்று அதில் போட்டிருக்கும். அதுதான் அளவு. அதற்கு மேல் ஏற்றினால் டயர் நடுவில் மட்டும் தேயும், மழையில் பிரேக் பிடிக்கும் தூரம் கூடும். காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். 50 கிலோமீட்டர் ஓட்டிவிட்டுப் போய்ப் பார்த்தால் சூட்டில் அழுத்தம் கூடித்தான் காட்டும்.

குறைந்தால் எவ்வளவு போகும்? நான்கு டயரிலும் ஒரு பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) குறைந்தால் சராசரியாக 0.2 சதவீதம் என்று அமெரிக்க எரிசக்தித் துறை சொல்கிறது. சின்ன எண்தான். ஆனால் மாதத்துக்கு ஒரு பிஎஸ்ஐ தானாகவே இறங்கும், நாம் ஆறு மாதம் பார்க்காமல் விடுவோம். மைலேஜைவிட டயர் வெடிக்காமல் இருக்க இது முக்கியம். நைட்ரஜன் பற்றியும் கேட்கிறார்கள். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான், அதற்காகத் தனியாகக் காசு கொடுக்கத் தேவையில்லை.

9. மேல கேரியர் சும்மாதான் இருக்கு, சாமான் எதுவும் வைக்கல. அதுவுமா மைலேஜைக் குடிக்கும்?

குடிக்கும். வெறும் கேரியரே காற்றைக் கிழிக்கும், ஹைவேயில் விசில் மாதிரி ஒரு சத்தம் கேட்குமே, அது நீங்கள் காசு கொடுத்து வாங்கும் சத்தம். மேலே மொட்டையான பெரிய பெட்டி வைத்தால் 105 முதல் 120 வேகத்தில் 10 முதல் 25 சதவீதம் வரை மைலேஜ் போகும் என்பது அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்கு. டவுனில் அவ்வளவு இல்லை. சபரிமலைக்கோ ஊர் திருவிழாவுக்கோ போய்வந்தால், வந்த மறுநாளே ஸ்பேனரை எடுத்துக் கழற்றி வையுங்கள். சாமானை முடிந்தவரை உள்ளே, மூன்றாவது சீட்டை மடித்து வையுங்கள்.

டிக்கியில் கிடக்கும் எடையும் கேள்விதான், ஆனால் சின்னக் கேள்வி. ஏற்கனவே இரண்டு டன் வண்டியில் 20 கிலோ குறைத்தால் கண்ணுக்குத் தெரியாது.

10. சிக்னல்ல ஆஃப் பண்ணி செல்ஃப் அடிச்சா டீசல் அதிகம் போகுமா? காலைல எவ்வளவு நேரம் வார்ம் அப் பண்ணணும்?

பத்து விநாடிக்கு மேல் நிற்கப் போகிறோம் என்று தெரிந்தால் அணைப்பதுதான் லாபம், திரும்பக் கிளப்ப ஆகும் எரிபொருள் அதைவிடக் குறைவு. ஆனால் பழைய பேட்டரி உள்ள வண்டியில் ஒவ்வொரு சின்ன சிக்னலுக்கும் அணைக்கச் சொல்ல மாட்டேன். ஒரு நிமிடத்துக்கு மேல் எண் ஓடும் சிக்னல், ரயில்வே கேட், டோல்கேட் வரிசை, இங்கெல்லாம் அணையுங்கள். ஏசி போட்டு நின்றபடி எஞ்சின் ஓடினால் பெரிய டீசல் வண்டி மணிக்கு ஒரு லிட்டரை ஒட்டிக் குடிக்கும். பள்ளிக்கூட வாசலில் பிள்ளைக்காக அரை மணி நேரம் ஏசியில் உட்கார்ந்திருப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். அங்கே புகையைச் சுவாசிப்பதும் பிள்ளைகள்தான்.

நம் ஊர் வெப்பத்துக்கு அரை நிமிட வார்ம் அப் தாராளம். அதற்குப் பிறகு முதல் இரண்டு மூன்று கிலோமீட்டர் மிதிக்காமல் ஓட்டினால் எஞ்சின் ஓடியபடியே சூடாகிவிடும். ஹைவேயில் வேகமாக வந்து நிறுத்தும்போது மட்டும் டர்போ ஆற அரை நிமிடம் ஐட்லிங்கில் விட்டு அணையுங்கள்.

11. ஏர் ஃபில்டர் மாத்தினா மைலேஜ் கூடுமா? எந்த ஆயில் நல்லது?

பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் வண்டியில் ஏர் ஃபில்டர் அடைத்திருந்தால் இழுவைதான் குறையும், மைலேஜில் பெரிய மாற்றம் இருக்காது. உள்ளே போகும் காற்றுக்கு ஏற்ப கம்ப்யூட்டர் எரிபொருளைக் குறைத்துவிடும். டர்போ டீசலில் மோசமாக அடைத்தால் கரும்புகை வரும், டர்போவுக்கும் சுமை. செம்மண் ரோட்டில் அதிகம் ஓடுபவர்கள் சர்வீஸ் தேதிக்குக் காத்திருக்காமல் திறந்து பாருங்கள். ஆயிலைப் பொறுத்தவரை வண்டிக் கையேட்டில் போட்ட கிரேடுதான். 5டபிள்யூ-30 கேட்கும் எஞ்சினுக்கு '15டபிள்யூ-40 கெட்டியா இருக்கும் சார், நல்லது' என்று ஊற்றினால் ஒன்றிரண்டு சதவீதம் மைலேஜ் போகும்.

12. பிஎஸ்6 டீசல் எடுத்தேன். ஒரு நாள் திடீர்னு மைலேஜ் விழுது, அப்புறம் தானா சரியாகுது. என்ன இது?

2020 ஏப்ரல் 1-லிருந்து பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி விற்கும் டீசல் வண்டிகளில் சைலன்ஸர் வழியில் டிபிஎஃப் என்ற வடிகட்டி இருக்கிறது. புகையில் வரும் கரித்துகளை அது பிடித்து வைத்துக்கொள்ளும். நிறைந்ததும் கூடுதலாக டீசல் செலுத்தி, சுமார் 600 டிகிரி செல்சியஸுக்குச் சூடேற்றி, அந்தக் கரியை எரித்துவிடும். இதை ரீஜெனரேஷன் என்கிறார்கள். அப்போது ஐட்லிங் ஆர்பிஎம் கொஞ்சம் ஏறும், வண்டியை நிறுத்திய பிறகும் ஃபேன் சத்தமாக ஓடும், மைலேஜ் விழும். கோளாறு இல்லை.

தினமும் இரண்டு மூன்று கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டியில்தான் தொல்லை. சூடேறுவதற்குள் வண்டியை அணைத்துவிடுவோம், கரி எரியாது, அடுத்த முறை மறுபடி முயற்சிக்கும், ஒவ்வொரு முயற்சிக்கும் டீசல். என் மச்சான் வண்டியில் இப்படித்தான் நடந்தது. ஆயில் அளக்கும் குச்சியை உருவிப் பார்த்தால் ஆயில் மட்டம் மேல் கோட்டையும் தாண்டி ஏறியிருந்தது. எரியாத டீசல் ஆயிலில் இறங்கியதுதான் காரணம். அன்றைக்கே ஆயில் மாற்றினோம். இப்போது வாரம் ஒரு நாள் 60, 70 வேகத்தில் இருபது நிமிடம் விடாமல் ஓட்டுகிறார், பிரச்சினை இல்லை. உங்கள் ஓட்டமே டவுனுக்குள் சின்னச் சின்னதுதான் என்றால் டீசல் எடுக்கவே வேண்டாம் என்பது என் கருத்து.

13. பெட்ரோல் எஸ்யூவி வச்சிருக்கேன். இ20 வந்ததுக்கு அப்புறம் மைலேஜ் குறைஞ்சது உண்மையா? பவர் பெட்ரோல் போடலாமா?

குறையும். ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. இ20-இல் இருப்பது போல 20 சதவீதம் எத்தனால் கலந்தால் (இ10 என்றால் 10 சதவீதம்) சுத்த பெட்ரோலோடு ஒப்பிடும்போது லிட்டருக்கு 6, 7 சதவீதம் ஆற்றல் குறைகிறது. பழைய வடிவமைப்பில் இ10-க்கு டியூன் செய்த கார்களுக்கு 6 முதல் 7 சதவீதம், இ10-க்கு வடிவமைத்து இ20-க்கு டியூன் செய்தவற்றுக்கு 1 முதல் 2 சதவீதம் மைலேஜ் குறையும் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொன்னது. அதற்கு முன்பு ஏற்கனவே இ10 ஓடிக்கொண்டிருந்ததால் பங்கில் நீங்கள் உணரும் இறக்கம் அந்த முழு அளவுக்கு இருக்காது. '20 சதவீதம் போச்சு' என்று யாராவது சொன்னால் வேறு காரணமும் இருக்கிறது, 17-ஆவது பதிலைப் பாருங்கள்.

பவர் பெட்ரோலில் ஆக்டேன் எண் அதிகம், ஆற்றல் அதிகம் இல்லை. உங்கள் எஞ்சினுக்கு 91 ஆக்டேன் போதும் என்று கையேடு சொன்னால் 95 போட்டு மிச்சமாவது ஒன்றுமில்லை. 95 வேண்டும் என்று கையேடே சொன்னால் போட வேண்டும்.

14. ஆட்டோமேட்டிக் வண்டி. குரூஸ் கன்ட்ரோல், ஈகோ மோடு உதவுமா?

சமதளமான நாலு வழிச் சாலையில் குரூஸ் நன்றாக உதவும், நம் கால் தன்னையறியாமல் ஏற்றி இறக்குவதை அது செய்யாது. மேடு பள்ளமான சாலையில் அணைத்துவிடுங்கள். ஏற்றத்தில் வேகம் அரை கிலோமீட்டர் குறைந்தாலும் பதறி கியர் இறக்கி எஞ்சினை அலறவிடும். நாம் ஓட்டினால் ஏற்றத்தில் 80-ஐ 70 ஆக விட்டு, இறக்கத்தில் தானாக எடுத்துக்கொள்வோம். ஈகோ மோடு பெரும்பாலும் ஆக்சிலரேட்டரை மந்தமாக்கி, சீக்கிரம் மேல் கியர் மாற்றும், அவ்வளவுதான். பொறுமையாக ஓட்டுபவருக்கு அது தேவைப்படாது.

15. ஃபோர் பை ஃபோர் வண்டி. மழைக்காலத்துல ஃபோர் ஹை-லயே போட்டு ஓட்டலாமா?

லீவர் அல்லது திருகு வைத்து நாமே மாற்றும் வகை என்றால், தார் ரோட்டில் கூடாது. முன், பின் சக்கரங்கள் வளைவில் வேறு வேறு தூரம் சுற்ற வேண்டும், ஃபோர் ஹை (நான்கு சக்கரமும் இழுக்கும் நிலை) அவற்றைப் பூட்டிவிடும். டயரும் கியரும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டி, மைலேஜும் போகும், பாகமும் போகும். சேறு, மணல் முடிந்ததும் டூ ஹை-க்கு மாற்றுங்கள். தேவைப்படும்போது மட்டும் தானாக நான்கு சக்கரத்துக்கும் சக்தி அனுப்பும் வகைக்கு இந்தக் கவலை இல்லை.

16. கம்பீரமா இருக்கட்டும்னு பெரிய டயர் போட்டேன். மைலேஜ் குறைஞ்சிடுச்சு. எவ்வளவு உண்மையாவே குறைஞ்சிருக்கு?

நல்ல கேள்வி, பலர் இங்கே தப்பாகக் கணக்குப் போடுகிறார்கள். டயர் விட்டம் கூடினால் ஒரு சுற்றுக்கு வண்டி அதிக தூரம் போகும், ஓடோமீட்டருக்கு அது தெரியாது. 265/65 ஆர்17 இருந்த இடத்தில் 265/70 ஆர்17 போட்டால் விட்டம் 776 மில்லிமீட்டரிலிருந்து 803 ஆகும், அதாவது 3.4 சதவீதம் கூடுதல். மீட்டர் 500 காட்டும்போது உண்மையில் 517 ஓடியிருப்பீர்கள். 2-ஆவது பதிலில் சொன்ன ஃபுல் டேங்க் கணக்கில் கிலோமீட்டரை 1.034 ஆல் பெருக்கி, அப்புறம் வகுங்கள். 50 லிட்டருக்கு மீட்டரில் 500 என்றால் 10 இல்லை, 10.3.

மீதி இறக்கம் உண்மையானது. பட்டன் பெரிதான ஆல் டெரெய்ன் டயர் உருளவே அதிக சக்தி கேட்கும், எடையும் அதிகம். சேற்றில் போகாத வண்டிக்கு அது தேவையில்லை. இன்னொன்று, ஸ்பீடோமீட்டரும் இப்போது உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். மைலேஜை விடுங்கள், அதைக் கவனத்தில் வைத்து ஓட்டுங்கள்.

மைலேஜ் கூட்டும் என்று விற்கும் காந்தம், மாத்திரை, சிகரெட் லைட்டரில் செருகும் டப்பா பற்றிக் கேட்பவர்களுக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை நூற்றுக்கும் மேற்பட்ட இப்படிப்பட்ட கருவிகளை ஆராய்ந்து, மைலேஜைக் குறிப்பிடும்படி கூட்டும் ஒன்றையும் காணவில்லை. அந்தக் காசுக்கு ஒரு நல்ல டயர் பிரஷர் கேஜ் வாங்குங்கள்.

17. எல்லாம் சரியாத்தான் செய்றேன். போன மாசம் வரை 12 கொடுத்த வண்டி இப்ப 10. ரோடும் அதே, டிரைவரும் நான்தான்.

அப்படியென்றால் வண்டியில் தேட வேண்டிய நேரம். மெக்கானிக்கிடம் போகும் முன்பு வீட்டிலேயே நான்கைந்து விஷயம் பார்க்கலாம். வெப்பமானி முள் பத்து நிமிடம் ஓட்டியும் நடுவுக்கு வராமல் கீழேயே நின்றால் தெர்மோஸ்டாட் திறந்தபடி மாட்டியிருக்கலாம், குளிர்ந்த எஞ்சின் எரிபொருள் அதிகம் கேட்கும். மிதிக்கும்போது பின்னால் கரும்புகையும் 'புஸ்' என்ற சத்தமும் வந்தால் டர்போ ஹோஸ் கிழிந்திருக்கலாம். எஞ்சின் விளக்கு எரிந்தால் தள்ளிப்போடாமல் ஸ்கேனர் போட்டுப் பாருங்கள். பெட்ரோல் வண்டியில் ஆக்சிஜன் சென்ஸர் கெட்டால் மைலேஜ் மிக மோசமாக விழும். நேர்ச் சாலையில் ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுத்தால் அலைன்மென்ட்.

இதில் எதுவும் இல்லை என்றால் பிரேக்கைப் பாருங்கள். எனக்கு நடந்தது அதுதான். மூன்று டேங்க் வரிசையாக ஒன்றரை குறைந்தது. நோட்டு இல்லாவிட்டால் கவனித்திருக்கவே மாட்டேன். சர்வீஸில் விட்டேன், எல்லாம் நார்மல் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அடுத்த ஊர்ப் பயணத்தில் உளுந்தூர்பேட்டை தாண்டி டீக்கு நிறுத்தியபோது பின்பக்கம் லேசாக ஒரு கருகல் வாசனை. ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோனேன், தொடவில்லை. மூன்று சக்கரம் வெதுவெதுப்பு. இடது பின்சக்கரத்தில் நாலு விரல்கடை தூரத்திலேயே தோசைக்கல் பக்கம் கை நீட்டிய மாதிரி அனல் அடித்தது.

பக்கத்தில் ஷெட் வைத்திருந்த மெக்கானிக் அண்ணன் ஜாக்கி போட்டு சக்கரத்தைக் கையால் சுற்றினார். அரைச் சுற்றுகூட வரவில்லை, நின்றுவிட்டது. வலது பக்கத்தைச் சுற்றிக் காட்டினார், அது நான்கு சுற்று ஓடியது. கேலிப்பர் (பேட்டை டிஸ்க் மேல் அழுத்தும் பாகம்) நகரும் இரண்டு கம்பிகளும் துரு பிடித்து இறுகியிருந்தன, பேட் எந்நேரமும் டிஸ்க்கை உரசிக்கொண்டே வந்திருக்கிறது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, புது கிரீஸ் வைத்து, ரப்பர் உறை இரண்டையும் மாற்றிக் கொடுத்தார். முக்கால் மணி நேர வேலை. அங்கிருந்து திருச்சி போய் நிரப்பியது பாதி டேங்க் கணக்கு, அதை எடுத்துக்கொள்ளவில்லை. அதற்கடுத்த முழு டேங்க் 1,000 கிலோமீட்டருக்கு 72 லிட்டர் என்று எழுதியிருக்கிறேன். அதற்கு முந்தைய வரியில் 81.